வலைக்கு மேலே குதி, வாசலுக்கு வெளியே நில்

மலேசிய உயர்கல்வியைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். இரண்டு எண்கள் போதும். 90, 10.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான மெட்ரிகுலேஷன் கல்லூரிகளில் 90 விழுக்காட்டு இடம் பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் மற்றப் பூர்வகுடிகளுக்கும். மிச்சம் 10 மற்ற எல்லாருக்கும். 2019இல் இடங்களை 25,000இலிருந்து 40,000 ஆக்கினார்கள். புது அரசாங்கம், புது மலேசியா, புது நாற்காலிகள். விகிதம் மட்டும் பழசு. 2024இல் எஸ்.பி.எம். தேர்வில் 10ஏ எடுத்தால் எந்த இனமானாலும் மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்றார்கள். கைதட்டினோம். 2025இல் ஏ மைனஸ் அந்தக் கணக்கில் வராது என்றார்கள். தட்டிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பொதுப் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட்டாலும் அதே எண்கள்தான் எதிரே வந்து நிற்கும். தகுதிப் புள்ளியில் பாடத்துக்கு 90, புறப்பாடத்துக்கு 10. மூன்றாவதாக ஓர் எண்ணைக் கற்றுக்கொள்ள இந்த நாட்டுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை போலும்.

கிள்ளானில் ஒரு பையன் இருக்கிறான் என்று வையுங்கள். ஐந்தாம் படிவம். ஆறடிக்கு மேல் உயரம். ஆண்கள் கைப்பந்து வலையின் உயரம் 2.43 மீட்டர். அதற்கு மேல் எம்பி அவன் அடித்தால், தடுக்கப் போனவன் விரலுக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வெளியே வருவான். அவன் அம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்: "நல்லா விளையாடுற பிள்ளைங்கள காலேஜுலயே கூப்பிட்டுச் சீட்டுக் கொடுப்பாங்களாம்."

கொடுப்பார்கள் அம்மா. அமெரிக்காவில்.

அங்கே கல்லூரிப் பயிற்சியாளர் பள்ளி ஆட்டத்தைப் பார்க்க நேரில் வருகிறார். பத்தாம் வகுப்பு முடிந்து ஜூன் 15 பிறக்கும் முன் அந்தப் பிள்ளையோடு பேசக்கூடாது என்று விதி வைத்து அவரைக் கட்டிப்போட வேண்டியிருக்கிறது. அவ்வளவு அவசரம் அவருக்கு. 1972இல் பெண்களுக்குச் சம உரிமை தரும் கல்விச் சட்டம் வந்தது. அதன் விளைவாக, முதல் நிலைக் கல்லூரிப் பெண்கள் கைப்பந்து அணி ஒவ்வொன்றும் அண்மைக்காலம் வரை 12 பேருக்கு முழு உபகாரச் சம்பளம் கொடுக்கலாம் என்றிருந்தது. ஆண்கள் அணிக்கு நாலரைதான். அந்த அரை ஆள் எப்படி ஆடினார் என்று கேட்காதீர்கள், அங்கேயும் கஞ்சத்தனம் உண்டு. ஆனால் 2023 ஆகஸ்டில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பெண்கள் கைப்பந்து அணியின் ஒரே ஓர் ஆட்டத்துக்கு 92,003 பேர் வந்தார்கள். கல்லூரி ஆட்டம். கைப்பந்து. நம் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தின் எல்லா நாற்காலிகளையும் நிரப்பினாலும் அந்தக் கூட்டத்தில் ஆள் மிஞ்சும்.

அமெரிக்காவில் திருட்டும் நடந்தது. 2019இல் வெளியே வந்தது. ரிக் சிங்கர் என்ற தரகர் பணக்கார வீட்டுப் பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாக ஜோடித்துப் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்குள் தள்ளிவிட்டார். துடுப்பைத் தொட்டே பார்க்காத பெண்கள் படகோட்டிகள் ஆனார்கள். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் கைப்பந்துப் பயிற்சியாளர் மீதுகூட ஒரு லட்சம் டாலர் வாங்கியதாகக் குற்றச்சாட்டு வந்து, பிறகு அந்த வழக்கு கைவிடப்பட்டது. சிங்கருக்கு மூன்றரை ஆண்டு சிறை.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. விளையாட்டு வீரன் என்று பொய் சொல்லி உள்ளே நுழைய ஒருவன் அரை மில்லியன் டாலர் கொடுக்கிறான் என்றால், விளையாட்டு வீரனுக்கு அங்கே ஒரு வாசல் இருக்கிறது என்று அர்த்தம். இங்கே யாரும் அந்தப் பொய்யைச் சொல்வதில்லை. சொல்லி என்ன கிடைக்கும்? மெய்யாகவே விளையாடுகிறவனுக்கே ஒன்றும் கிடைப்பதில்லை.

புறப்பாடத்துக்கான அந்தப் பத்துப் புள்ளிக்கு வருவோம். அதையாவது ஆடுகிறவனுக்குக் கொடுக்கிறார்களா? பதவிக்குப் புள்ளி. வருகைக்குப் புள்ளி. ஈடுபாட்டுக்குப் புள்ளி. சாதனைக்கும் கொஞ்சம் உண்டு. ஆறு வருஷம் வெயிலில் குதித்து மாவட்டத்துக்கு ஆடியவனும், ஒரு கழகத்தின் செயலாளராக இருந்து கூட்டக் குறிப்பை ஒழுங்காக எழுதிவைத்தவனும் கடைசியில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளியில் வந்து நிற்பார்கள். வித்தியாசம் ஒன்றோ இரண்டோ இருக்கலாம். முழங்கால் ஜவ்வு கிழிந்தது இலவசம்.

இல்லை, விளையாட்டாளர்களுக்கென்று தனிவழி இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. மறுக்கவில்லை. அந்த வழிக்குள் போக மேல்மட்டத்தில் ஆடிய சான்றிதழ் வேண்டும். மேல்மட்டத்துக்குப் போக மாநிலம் எடுக்க வேண்டும். மாநிலம் எடுக்க மாவட்டத்தில் தெரிய வேண்டும். மாவட்டத்தில் தெரியப் பள்ளியில் குழு வேண்டும். குழு இருக்கத் திடல் வேண்டும். நம் தமிழ்ப்பள்ளிகளில் எத்தனையோ பள்ளிகளுக்கு அதுதான் இல்லை. சபைகூடலையே கார் நிறுத்தும் இடத்தில் நடத்துகிற பள்ளியில் கைப்பந்து எங்கே ஆடுவது? கைப்பந்துக்கு ஒன்றும் காடு கேட்கவில்லை. 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். டத்தோ ஒருவர் வீட்டுக் கார் கொட்டகை அளவு.

2011இல் கல்வி அமைச்சு ஒரு கொள்கை கொண்டுவந்தது. ஒரு மாணவர், ஒரு விளையாட்டு. அழகான கொள்கை. ஒரு மாணவருக்கு ஒரு விளையாட்டு என்றார்கள். ஒரு பள்ளிக்கு ஒரு திடல் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னதைக் கச்சிதமாகச் செய்தார்கள்.

திடல் இல்லாமல் பிறந்தவர்கள் இல்லை நாம். தோட்டத்துக்குத் தோட்டம் திடல் இருந்தது. கோயிலுக்கு அந்தப் பக்கம் காற்பந்து, தோட்ட மருத்துவமனைக்கு இந்தப் பக்கம் கைப்பந்து. மூங்கில் கம்பம், மீன்வலை. மாலை நாலு மணிக்கு மேல் பால்மரம் வெட்டிய கைகள் பந்தை வெட்டின. சீஃபீல்டு தோட்டம் போனது, சுபாங் ஜெயா, யு.எஸ்.ஜே. வந்தது. நோர்த் ஹம்மோக் போனது, செத்தியா ஆலாம் வந்தது. புக்கிட் ராஜா தோட்டம் போனது, பண்டார் புக்கிட் ராஜா வந்தது. பேரையாவது விட்டுவைத்தார்கள். அந்தப் புது ஊர்களிலும் கைப்பந்துத் தளங்கள் உண்டு, அடுக்குமாடிக் குடியிருப்பின் வேலிக்கு உள்ளே. காவலாளியிடம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகலாம், உள்ளே யாரையாவது தெரிந்திருந்தால்.

இந்த நாட்டின் விளையாட்டுத் தலைநகரம் எது? புக்கிட் ஜாலில். 1998 காமன்வெல்த் போட்டிக்காக எழுந்த அரங்கம் அங்கே. 1996இல் தொடங்கிய விளையாட்டுப் பள்ளி அங்கே. அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது? ரப்பர் தோட்டம். கோலாலம்பூருக்குள் மிஞ்சிய கடைசித் தோட்டம். 2011இல் அங்கே மிச்சமிருந்த நாற்பது சொச்சம் குடும்பங்களைக் காலி செய்யச் சொல்லி மாநகர் மன்றம் நோட்டீஸ் கொடுத்தது. நான்கு ஏக்கர் கேட்டு அவர்கள் தெருவில் நின்றார்கள். உலகமே வந்து ஓடிவிட்டுப் போன மண்ணில், அந்த மண்ணைக் கொத்தியவன் நிற்க இடம் கேட்டான். அதற்கு எந்தப் பிரிவில் பதக்கம் கொடுப்பது என்று தெரியாமல்தானோ என்னவோ, ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார்கள்.

கிள்ளான் பையன் பேருந்தில் கோலாலம்பூருக்குப் போகிறான். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஷா ஆலாம் வருகிறது. சன்னலுக்கு வெளியே யூ.ஐ.டி.எம். பல்கலைக்கழகம். விளையாட்டு அறிவியலுக்கென்றே துறை வைத்திருக்கிறது. வீட்டிலிருந்து அரைமணி நேரம். பூமிபுத்ரா அல்லாத இவனுக்கு அதில் இடம் கிடையாது. விதி அப்படி. ஜாதகத்தில் உள்ள விதி இல்லை, நுழைவு விதி. 2008இல் அன்றைய சிலாங்கூர் மந்திரி பெசார் காலிட் இப்ராஹிம், பத்து விழுக்காட்டை மற்றவர்களுக்கும் திறந்துவிடலாமே என்று வாய் திறந்தார். உடனே கொதித்துப்போய் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். பத்து விழுக்காடு! அதே எண்தான். இந்தத் தடவை அதுகூட அதிகமாகிவிட்டது.

சரி, பொது வாசல் மூடியிருக்கிறது. தனியார் வாசலுக்குப் போவோம். இங்கே கூப்பிடுவார்கள். ரொம்பவே கூப்பிடுவார்கள். ஆனால் அமெரிக்காவில் பயிற்சியாளர் வருகிற இடத்தில் இங்கே சந்தைப்படுத்தும் பிரிவு வரும். பேரங்காடியின் தரைத்தளத்தில் கல்விக் கண்காட்சி. கழுத்தில் பட்டை தொங்கும் ஓர் இளைஞர். கையில் ஐபேட்.

"ஆன்ட்டி, தம்பி என்ன விளையாடுறாரு?"

"வாலிபால் தம்பி. ஸ்கூல் கேப்டன்."

"சூப்பர் ஆன்ட்டி! ஸ்டேட் லெவலா?"

"டிஸ்ட்ரிக்ட்."

"பரவால்ல ஆன்ட்டி. ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் போட்டுரலாம். ஃபீஸ்ல தள்ளுபடி. மிச்சத்துக்கு பி.டி.பி.டி.என். லோன் எடுத்துக்கலாம். இன்னைக்கே புக் பண்ணினா ரெஜிஸ்ட்ரேஷன்ல ஐநூறு வெள்ளி கழிவு."

பையன் எந்த இடத்தில் ஆடுவான், வலது பக்கமா, நடுவா, பந்து எடுத்துக் கொடுப்பவனா என்று ஒரு கேள்வி இல்லை. அவன் குதிப்பதை யாரும் பார்க்கவில்லை. பார்த்தது சான்றிதழை. அதுவும் நகல். உபகாரச் சம்பளம் என்பது யாரோ நமக்குப் பணம் கொடுப்பது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தோம். நாம் கொடுக்கும் பணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்வதற்கும் அதே பெயராம். விடுதிக் கட்டணம் தனி. நூலகக் கட்டணம் தனி. எந்தப் படிப்பு? எதில் நாற்காலி காலியாக இருக்கிறதோ அந்தப் படிப்பு. கூடவே ஒரு கடிதம் வரும். பயிற்சிக்குத் தவறக்கூடாது. மதிப்பெண் சராசரி குறையக்கூடாது. காயம் பட்டு ஆட முடியாமல் போனால் சலுகை நிற்கும். அவன் படத்தைக் கல்லூரி எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

போடுவார்கள். எல்.ஆர்.டி. நிலையத்தில், ஆளுயரத்துக்கு. கோப்பை கல்லூரிக்கு, படம் விளம்பரத்துக்கு, கடன் பையனுக்கு. அந்தக் கல்லூரிகளில் பலவற்றுக்குச் சொந்தமாக ஓர் ஆட்டக்கூடம் கிடையாது. கடைவீட்டு நாலாவது மாடியில் கல்லூரி. பயிற்சிக்கு நகராண்மைக் கழக மண்டபத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். அதே மண்டபத்தில் கல்யாணம் வந்துவிட்டால் பயிற்சி இல்லை.

அரசாங்கத்தையும் கல்லூரியையும் திட்டியாயிற்று. நம் ஆட்களை விட்டால் நியாயமில்லை.

கிள்ளானில் ஞாயிற்றுக்கிழமை கைப்பந்துப் போட்டி. பிள்ளைகள் ஏழரை மணிக்கே வந்து நிற்க வேண்டும். ஆட்டம் எட்டரைக்கு. திறப்பு விழா ஒன்பதுக்கு. டத்தோ பதினொன்றுக்கு வருவார். அதுவரை பன்னிரண்டு அணிகளும் வரிசையாக வெயிலில். சட்டையில் முன்பக்கம் டத்தோ படம், பின்பக்கம் எண். படம் எண்ணைவிடப் பெரிது. வந்ததும் மாலை, பொன்னாடை, இன்னொரு மாலை. பிறகு நம் இளைஞர்கள் குண்டர் கும்பலில் சேராமல் விளையாட்டில் சேர வேண்டும் என்று முக்கால் மணி நேரம். சேர்ந்த பிள்ளைகள் எதிரே மயங்கி விழுகிறார்கள். உரையில் ஓட்ட வீரர் டாக்டர் மணி ஜெகதீசன் வருவார், தவறாமல். 1966 ஆசியப் போட்டியில் மூன்று தங்கம். 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடியவர். அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டு நின்றது. ஓடிக்கொண்டே டாக்டரும் ஆனவர். அரை நூற்றாண்டாக எல்லா மேடையிலும் அவர் ஒருவரையே ஓடவிடுகிறார்களே, அடுத்த ஆள் ஏன் வரவில்லை என்று மேடையில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அப்புறம் டத்தோ முதல் பந்தை அடித்துத் தொடக்கிவைப்பார். பந்து வலையில் விழும். கைதட்டல். மாதிரிக் காசோலை, நாலு பேர் தூக்கும் அளவுக்கு. வெற்றிக் கிண்ணம் பந்து எடுத்துக் கொடுக்கும் பையனைவிட உயரம். புகைப்படம். முதல் ஆட்டம் தொடங்கும்போது டத்தோ கார் கிளம்பிவிட்டது.

அன்றைக்கு அங்கே ஆடிய பிள்ளைகளின் பெயர், வயது, உயரம், பள்ளி என்று ஒரு பட்டியல் எழுதி எந்தப் பல்கலைக்கழகத்துக்காவது யாராவது அனுப்பினார்களா? சாப்பாட்டுப் பொட்டலக் கணக்கு மட்டும் துல்லியமாக இருக்கும்.

காசு இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்தியச் சமுதாயத்தின் உருமாற்றத்துக்கென்று மித்ரா இருக்கிறது. ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கீடு. அந்தப் பணம் எங்கே போனது என்று தேடி 2021, 2022இல் ஊழல் தடுப்பு ஆணையம் கதவைத் தட்டி ஆட்களைப் பிடித்தது. போட்டிக்கு உகந்த மிக்காசா பந்து சில நூறு ரிங்கிட். வலை, கம்பம் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். சமுதாயம் உருமாறியதோ இல்லையோ, பணம் உருமாறிவிட்டது.

பிரிக்பீல்ட்ஸைப் பாருங்கள். 1895இல் அமெரிக்காவில் ஹோலியோக் ஊரின் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மோர்கன் கண்டுபிடித்த ஆட்டம் கைப்பந்து. அந்த ஒய்.எம்.சி.ஏ.வின் கோலாலம்பூர்ச் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது, ஜாலான் பாடாங் பெலியாவில். சுற்றிலும் இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் இருந்தன. அவை போய் கே.எல். சென்ட்ரல் வந்தது. 2010இல் மன்மோகன் சிங் வந்து லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார். 2015இல் மோடி வந்து தோரண வாயிலைத் திறந்துவைத்தார். இரண்டு இந்தியப் பிரதமர்கள். பக்கத்தில் இரண்டு முறையும் நம் பிரதமர். நமக்கு ஒரு வளைவு கிடைத்தது, அலங்கார விளக்கு கிடைத்தது. ஒரு வலைக்கம்பம் நட எந்தப் பிரதமர் வர வேண்டுமோ தெரியவில்லை.

தமிழ்நாட்டில் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் சிபாரிசு உண்டு, சான்றிதழ் தில்லுமுல்லு உண்டு. ஆனாலும் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடம் தனியே இருக்கிறது, எண்ணிச் சொல்லலாம். கிராமத்துத் திருவிழா ஆட்டத்தில் உயரமான பையன் ஒருவன் நாலு பந்தை ஓங்கி அடித்தால், கல்லூரி உடற்கல்வி இயக்குநர் அவன் அப்பாவிடம் பேச்சுக் கொடுப்பார். சென்னை ஐ.ஐ.டி.யே 2024இல் ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் விளையாட்டாளர்களுக்கு இரண்டு கூடுதல் இடம் ஒதுக்கியது, அதில் ஒன்று பெண்ணுக்கு. நுழைவுத் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடினம்தான். ஆனால் நிபந்தனை பிள்ளையின் மேல் இருக்கிறது, பாட்டன் பிறப்பின் மேல் இல்லை.

இத்தனையையும் மீறிக் கிள்ளானில் பிள்ளைகள் இன்னும் குதிக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் யாரோ ஓர் உடற்கல்வி ஆசிரியர். சொந்தக் காரில் ஆறு பேரைத் திணித்து மாவட்டப் போட்டிக்குக் கொண்டுபோகிறவர். பெட்ரோலுக்கும் தண்ணீருக்கும் தன் பையிலிருந்து எடுக்கிறவர். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு சார் இந்தக் குதியெல்லாம்?" என்று கேட்கும் அப்பாவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பேசுகிறவர். அவர் வந்த மூன்றாம் ஆண்டு அணி மாவட்டத்தில் இரண்டாம் இடம் வரும். நாலாம் ஆண்டு முதலிடம் நிச்சயம் என்று எல்லாரும் பேசிக்கொள்ளும்போது, அமைச்சிலிருந்து அவருக்குக் கடிதம் வரும். இடமாற்றம். சபா.

பதிலுக்கு வருகிறவர் நன்னெறிக் கல்வி ஆசிரியர். நல்ல மனிதர். தலைமையாசிரியர் கைப்பந்துக் குழுவை அவர் தலையில் கட்டுவார். முதல் நாள் திடலுக்கு வந்து, வலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, அணித்தலைவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்பார்: "ஏம்பா, இதுல ஒரு சைடுக்கு எத்தனை பேரு?" அன்றோடு பயிற்சி நிற்கும். ஆனால் புறப்பாடப் புள்ளி நிற்காது. ஆண்டு முடிவில் அமைச்சின் இணையப் பக்கத்தைத் திறந்து, இராத்திரி பதினொரு மணிக்கு, வருகை, ஈடுபாடு, பொறுப்பு என்று ஒவ்வொரு கட்டமாக அவர் நிரப்புவார். எல்லாருக்கும் நல்ல புள்ளி.